அர்புவா: ஒரு திராட்சை ஊரின் திருவிழாக்களுக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

முதல் தடவை அர்புவாவுக்குப் போனபோது நான் செய்த தப்பு ரொம்பச் சாதாரணமானது. திருவிழா என்றால் சாயங்காலம்தான் களைகட்டும் என்று நம் ஊர்க் கணக்கிலேயே நினைத்துக்கொண்டு, ஞாயிறு மதியம் ரயிலில் போய் இறங்கினேன். எல்லாம் முடிந்திருந்தது. தெருவில் மிதிபட்ட திராட்சை நாலைந்து. ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து நீண்ட மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ராத்திரி ஒரு கடை திறந்திருக்கவில்லை. பையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கினேன்.

அடுத்த வருடம் வெள்ளிக்கிழமையே போய்விட்டேன். அப்புறம் வேறு பருவங்களிலும் போய்ப் பார்த்தேன். லியோனில் வேலை பார்ப்பதால் எனக்கு அது தூரமில்லை. அங்கே போக விரும்பும் தமிழ் நண்பர்கள் மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் எழுதிவைக்கலாம் என்றுதான் இது.

ஊர் எங்கே, ஏன்

பிரான்சின் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி ஓடும் ஜூரா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது அர்புவா. டைனோசர் காலத்துக்கு ‘ஜுராசிக்’ என்று பெயர் வந்ததே இந்த மலையால்தான். ஊரில் மக்கள்தொகை 3,000-ஐச் சற்றே தாண்டும். நடுவே குயிசான்ஸ் என்ற சின்ன ஆறு, வளைவுத் தாழ்வாரங்கள் சூழ்ந்த ஒரு சதுக்கம், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் சேன் ஜூஸ்ட் தேவாலய மணிக்கூண்டு. சுற்றிலும் சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். பிரான்சில் ‘இந்த ஊர் ஒயின்’ என்று சட்டப்படி ஊர்ப்பெயர் போட்டுக்கொள்ளும் உரிமை 1936-ல் வந்தபோது, அதை முதலில் பெற்ற பகுதிகளில் அர்புவாவும் ஒன்று.

போர்தோ, பர்கண்டி என்று பெரிய பெயர்கள் இருக்கும்போது இங்கே எதற்கு என்று கேட்கலாம். என் பதில் இதுதான்: பெரிய ஒயின் ஊர்களில் திருவிழா விருந்தாளிக்காக நடக்கிறது. அர்புவாவின் முக்கியமான திருவிழா அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்காக நடத்திக்கொள்வது. நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அது நடக்கும். அதனால்தான் அதற்குப் போக ஒரு வழிகாட்டி தேவைப்படுகிறது. உங்களுக்காக யாரும் அறிவிப்புப் பலகை வைத்துக் காத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணம் என் சொந்தக் காரணம். நான் குன்னூர்க்காரன். 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் எங்கள் ஊர் அடையாளங்களில் ஒன்று. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று பயந்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்த லூயி பாஸ்டர் வளர்ந்த ஊர் அர்புவா.

முதல் வேலை: பருவத்தைத் தேர்ந்தெடுப்பது

பயணத் தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு, அப்போது என்ன விழா இருக்கிறது என்று தேடாதீர்கள். தலைகீழாகச் செய்யுங்கள். இந்த ஊரின் காலண்டர் திராட்சைக் கொடியோடு கட்டப்பட்டது.

ஜனவரியில் கொடிகள் மொட்டையாக நிற்கும். கவாத்து நடக்கும் காலம். ஜனவரி 22 சேன் வேன்சான் நாள், அதாவது திராட்சை விவசாயிகளின் காவல் புனிதருக்கு உரிய நாள். ஒயின் கிராமங்களில் பூசை வைத்து, சேர்ந்து சாப்பிடுவார்கள். வெளியூர்க்காரருக்கு இதில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

பிப்ரவரி முதல் வார இறுதியில் வருவது ‘பெர்சே’ என்கிற பீப்பாய் திறப்பு விழா. இதைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன்.

ஏப்ரலில் துளிர் விடும்போது உறைபனி பயம். 2021 ஏப்ரலில் அடித்த பனியில் ஜூரா விவசாயிகள் விளைச்சலில் பெரும்பகுதியை இழந்தார்கள். அந்த மாதத்தில் ராத்திரி தோட்டங்களில் வரிசையாகச் சின்னச் சின்னத் தீ எரிவதைப் பார்த்தால் அழகாக இருக்கிறதே என்று படமெடுக்கப் போகாதீர்கள். அது கவலையில் ஏற்றிய தீ.

கோடையில் ஊர் சும்மா இருக்க நல்லது. மலைநடை, அருவி, பாஸ்டர் வீடு. செப்டம்பர் முதல் ஞாயிறு ‘பியூ’, அதாவது ஊர்க்காரர்கள் தங்களுக்காக நடத்திக்கொள்ளும் அந்த முக்கியமான திருவிழா. ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், பியூவுக்குப் போங்கள்.

போய்ச் சேர்வது, தங்குவது

பாரிசிலிருந்து வருபவர்கள் டோல் அல்லது முஷார் வரை அதிவேக ரயிலில் வந்து, அங்கிருந்து உள்ளூர் ரயிலுக்கு மாறலாம். முஷாரிலிருந்து அர்புவா ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்தான். பெசான்சோன் பக்கமிருந்தும் உள்ளூர் ரயில் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு. இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடை. பெட்டியை இழுத்துக்கொண்டே போய்விடலாம்.

கார் வைத்திருந்தால் சுற்றுவட்டாரம் பார்க்க வசதி. ஆனால் பிரான்சில் வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். சுவைப்பதற்குப் போகிற நாளில் ஒருவர் குடிக்காமல் இருந்தாக வேண்டும். அல்லது காரை விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

பியூ வார இறுதிக்கு அறையைச் சில மாதங்கள் முன்பே பிடித்துவிடுவது நல்லது. சின்ன ஊர், அறைகள் கொஞ்சம். ஊருக்குள் கிடைக்காவிட்டால் பத்து கிலோமீட்டர் தெற்கே இருக்கும் பொலின்யியில் தேடுங்கள். சனிக்கிழமையே ஞாயிறு ராத்திரிக்கான ரொட்டி, பழம், பாலாடைக்கட்டி வாங்கி அறையில் வைத்துக்கொள்வதும் அவசியம். காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

பியூ: எப்படிப் பார்ப்பது

பியூ என்பது ஒரு ராட்சதத் திராட்சைக் குலை. ஒரே கொடியில் காய்த்ததல்ல. ஊர் விவசாயிகள் அவரவர் தோட்டத்திலிருந்து கொண்டுவரும் முதல் பழக் குலைகளை, வெள்ளையும் கறுப்புமாக, ஒரு மரச்சட்டத்தைச் சுற்றி நெருக்கமாகக் கட்டி ஒரே குலைபோல ஆக்குகிறார்கள். முடியும்போது ஏறக்குறைய 80 முதல் 100 கிலோ கனக்கும். அதை ஒரு தடியில் தொங்கவிட்டு, நாலு பேர் தோளில் சுமந்து ஊர்வலமாகக் கொண்டுபோய் சேன் ஜூஸ்ட் தேவாலயத்தில் ஊரின் காவல் புனிதருக்குக் காணிக்கையாகத் தொங்கவிடுவார்கள்.

பைபிள் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே பிடிபடும். பழைய ஏற்பாட்டில், கானான் நாட்டை வேவு பார்க்கப் போனவர்கள் ஒரே திராட்சைக் குலையை ஒரு தடியில் கட்டி இரண்டு பேராகத் தூக்கி வருவார்கள். அந்தக் குலையின் நினைவாகத்தான் பியூ. பைபிள் தெரியாவிட்டாலும் நமக்குப் புரியாத விஷயமில்லை இது. முதல் வாழைத்தாரைச் சாமிக்கு விடுகிற வழக்கம் நம் ஊரிலும் இருக்கிறதுதானே.

வெள்ளி, சனிக்கிழமைகளில் ஊர் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக இருக்கும். வண்டிகளில் பழக்கூடைகள் வரும். குலை கட்டும் இடத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டுமென்றால் வாசலில் நின்று “போன்ழூர்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, பார்க்கலாமா என்று கேளுங்கள். பிரெஞ்சுச் சிற்றூர்களில் வணக்கம் சொல்லாமல் பேச்சை ஆரம்பிப்பது பெரிய மரியாதைக் குறைவு. மொழி தெரியாதது குற்றமில்லை, வணக்கம் சொல்லாததுதான் குற்றம். எனக்குக் கிடைத்த பதில் ஒரு தலையாட்டலும், ‘ஓரமாக நில்’ என்று ஒரு கை சைகையும். அது போதும். கட்டுபவர்களுக்குள் எந்தக் குலை எங்கே போகவேண்டும் என்று சின்னச் சின்ன வாக்குவாதம் நடந்துகொண்டே இருந்தது. தேர் சோடிக்கிற இடத்தில் நடப்பது மாதிரிதான்.

ஞாயிறு காலை ஊர்வலம். ஒன்பது மணிக்கெல்லாம் தெருவில் இருங்கள். அந்த வருடத்துக்கான சரியான நேரத்தை முந்தைய நாளே ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சதுக்கத்தில் இடம்பிடிக்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். தேவாலயத்துக்கு இறங்கும் குறுகிய தெருவில் ஒரு சுவரோரம் நில்லுங்கள். முன்னால் பிடில் வாசிப்பவர்கள், பிறகு ஈட்டிக்கோல் போன்ற கோல்களில் திராட்சைக் குலை கட்டிச் சுமந்து வரும் தோட்டக் காவலர்கள், அப்புறம் பியூ, அதன் பின்னால் விவசாயிகளும் ஊர்ப் பெரியவர்களும். பேரிரைச்சல் கிடையாது. வேட்டு கிடையாது. பிடில் சத்தமும் காலடிச் சத்தமும்தான். கூடவே குளவிகள். அவ்வளவு இனிப்பு நடந்து போகும்போது அவை சும்மா இருக்குமா? சுமக்கிறவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி மட்டும் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார்.

தேவாலயத்துக்குள் போகலாம். தொப்பியைக் கழற்றிவிடுங்கள். பூசை நடக்கும்போது நடுவழியில் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். குலையைக் கயிறு கட்டி மேலே ஏற்றும் அந்தச் சில நிமிடங்களில் கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். பூசை முடிந்ததும் போர் நினைவுத்தூணுக்குப் போய் மௌனம் அனுசரிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அதற்குள் காபிக் கடைக்கு நழுவிவிடுவார்கள். நீங்கள் நில்லுங்கள். முதல் உலகப் போரில் பிரான்சின் ஒவ்வொரு கிராமமும் எத்தனை ஆண்களை இழந்தது என்பது அந்தக் கல்லில் இருக்கும் பெயர்களை எண்ணினாலே தெரியும். பல குடும்பப் பெயர்கள் ஒயின் புட்டிகளிலும் இருக்கும் அதே பெயர்கள்.

புப்பிலான், வாதான், மோன்தின்யி போன்ற பக்கத்துக் கிராமங்களும் தங்களுக்கென்று தனி பியூ வைத்திருக்கின்றன. அவை வேறு நாள்களில் நடக்கும், இன்னும் சிறியவை. அர்புவாவின் முதல் ஞாயிறு தவறிவிட்டால் மனம் தளரவேண்டாம், அவற்றைப் பற்றி விசாரியுங்கள்.

பாஸ்டர் வீடு: விழாவுக்கு முந்தைய நாள்

பாஸ்டர் பிறந்தது 1822 டிசம்பர் 27-ல், டோல் ஊரில். சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் அர்புவாவுக்கு வந்துவிட்டது. அப்பா தோல் பதனிடுபவர். அந்தத் தொழிலுக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் வீடு குயிசான்ஸ் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. பிற்காலத்தில் பாஸ்டர் பாரிசில் பெரிய ஆளான பிறகும் கோடை விடுமுறைக்கு இங்கேதான் வருவார். வீட்டை விரிவாக்கி மாடியில் ஒரு ஆய்வுக்கூடமும் வைத்துக்கொண்டார். வீடு அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கிறது: மேசை நாற்காலிகள், சுவர்த்தாள், கண்ணாடிக் குடுவைகள், பில்லியர்ட்ஸ் அறை உட்பட. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். திறந்திருக்கும் மாதங்களையும் நேரத்தையும் பார்த்துக்கொண்டு போங்கள்.

போவதற்கு முன் இந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டு போனால் வீடு பேசும். ஏற்றுமதியாகும் பிரெஞ்சு ஒயின் கெட்டுப்போகிறது என்று மூன்றாம் நெப்போலியன் 1863-ல் பாஸ்டரிடம் காரணம் கண்டுபிடிக்கச் சொன்னார். பாஸ்டர் நேராக வந்தது சொந்த ஊருக்குத்தான். 1864 கோடையில் ஊர் ஓரத்தில் இருந்த பழைய காபிக் கடை ஒன்றில் தற்காலிக ஆய்வுக்கூடம் அமைத்தார். கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை. வழிப்போக்கர்கள் உள்ளே வந்து குடிக்க ஏதாவது கொடு என்று கேட்பார்களாம். நுண்ணுயிர்கள்தான் ஒயினைக் கெடுக்கின்றன என்று கண்டு, அதைச் சுமார் 55 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும் என்று சொல்லி, 1865-ல் காப்புரிமையும் வாங்கினார். இன்று நம் ஆவின் பாக்கெட்டில் ‘பாஸ்ச்சரைஸ்டு’ என்று போட்டிருக்கிறதே, அந்த முறை முதலில் வந்தது பாலுக்காக அல்ல, ஒயினுக்காக.

அடுத்தது ரோசியேர் தோட்டம். முஷார் போகும் சாலையில் பாஸ்டர் 1874-ல் வாங்கிய சிறு திராட்சைத் தோட்டம் அது. நொதிக்க வைக்கும் ஈஸ்ட் பழத்துக்குள்ளேயே உண்டாகிறதா, வெளியிலிருந்து வந்து தோலில் ஒட்டுகிறதா என்று அப்போது பெரிய சண்டை. 1878-ல் காய் பழுக்கும் முன்பே சில கொடிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்து, குலைகளைப் பஞ்சால் சுற்றிவைத்தார். அறுவடைக் காலத்தில் அந்தப் பழங்களைப் பிழிந்தபோது சாறு நொதிக்கவே இல்லை. வெளியிலிருந்த பழங்களின் சாறு வழக்கம்போல நொதித்தது. சண்டை தீர்ந்தது. என்னைக் கேட்டால், இந்தத் தோட்டத்தின் வேலியோரம் ஐந்து நிமிடம் நிற்பது எந்த அருங்காட்சியகத்துக்கும் சமம்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி கதையிலும் இந்த வட்டாரம் வருகிறது. 1885 ஜூலையில் முதலில் ஊசி போட்டுக்கொண்ட பையன் அல்சாசைச் சேர்ந்த ஜோசப் மெய்ஸ்டர். அக்டோபரில் இரண்டாவதாகப் போட்டுக்கொண்ட ஜூப்பீல் என்ற இடையர் பையன் வீலெர் ஃபார்லே கிராமத்துக்காரன். அர்புவாவிலிருந்து கூப்பிடு தூரம் இல்லாவிட்டாலும் சைக்கிள் தூரம்.

அர்புவாவிலேயே பெக்கோ கோட்டையில் திராட்சை, ஒயின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பழைய கவாத்துக் கத்திகள், முதுகில் சுமக்கும் கூடைகள் எல்லாம் பார்க்கலாம். அங்கே தெரிந்துகொள்ள வேண்டிய எண்ணிக்கை ஒன்று: பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜூராவில் சுமார் 20,000 ஹெக்டேர் திராட்சை இருந்தது. வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி வந்து, போர் வந்து, ஆட்கள் ஊரைவிட்டுப் போய், இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 2,000 ஹெக்டேர். இலைகளில் நீலம் படிந்திருப்பதைத் தோட்டங்களில் கவனித்தால், அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. கம்பம் திராட்சை விவசாயிக்கும் தெரிந்த பெயர். அதைக் கண்டுபிடித்த மில்லார்தே ஜூராவில் பிறந்தவர்.

ஊரின் வாய்த்துடுக்கு

கற்கட்டடங்களைப் போலவே சில சொற்களையும் இந்த ஊர் பாதுகாத்து வைத்திருக்கிறது. 1834 ஏப்ரலில் லியோன் நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களுக்கு ஆதரவாக அர்புவா விவசாயிகள் மணியடித்துத் தங்கள் ஊரில் குடியரசை அறிவித்துவிட்டார்கள். படை வந்து, “உங்கள் தலைவன் யார்?” என்று கேட்டது. ஊர்ப் பேச்சுவழக்கில் வந்த பதில்: “நாங்க எல்லாருமே தலைவர்தான்.” இன்றும் அர்புவாக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். லியோனிலிருந்து வருகிறேன் என்று நான் சொன்னபோது, “உங்களுக்காகத்தான் நாங்கள் சண்டை போட்டோம்” என்று ஒருவர் கலாய்த்தார். பியூவைச் சுமக்கும்போது முன்னால் நடப்பவர் யார், பின்னால் நடப்பவர் யார் என்று யாரும் அலட்டிக்கொள்ளாததைப் பார்த்தால் அந்தப் பதில் வெறும் பேச்சில்லை என்று தோன்றும்.

இன்னொரு பழமொழி: அர்புவா ஒயினைக் குடிக்கக் குடிக்க நேராக நடப்பாய். இதை நம்பிச் சோதித்துப் பார்க்கவேண்டாம்.

மஞ்சள் ஒயினும் பீப்பாய் திறப்பும்

ஜூராவின் பெருமை ‘வான் ஜோன்’, அதாவது மஞ்சள் ஒயின். சாவன்யான் என்ற வெள்ளைத் திராட்சை மட்டும்தான் இதற்கு ஆகும். ஓக் பீப்பாயில் ஊற்றி, ஆவியாகிக் குறையும்போது மேலே நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். வேறு எந்த ஊரிலும் இது ஒயினைக் கெடுக்கும் வேலை. இங்கே மேற்பரப்பில் ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடையாகப் படர்ந்து ஒயினைக் காற்றிலிருந்து காக்கிறது. பால் ஆறும்போது ஏடு படியுமே, அந்த மாதிரி. குறைந்தது ஆறு வருடம் மூன்று மாதம் கழித்துத்தான் புட்டியில் அடைக்கலாம். ஒரு லிட்டரில் அப்போது மிஞ்சுவது சுமார் 62 சென்டிலிட்டர் என்பது கணக்கு. அதனால் புட்டியும் 62 சென்டிலிட்டர்தான். குட்டையாக, தோள் அகன்று இருக்கும் அதற்குக் கிளாவ்லான் என்று பெயர்.

சுவை எப்படி? வால்நட், காய்ந்த பழம், கூடவே நமக்கு மட்டும் சட்டென்று பிடிபடும் ஒன்று. வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான சோட்டலோன் என்ற அதே சேர்மம் இதிலும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் “கறி மசாலா வாசம்” என்று சுற்றி வளைத்துச் சொல்வார்கள். எனக்கு அம்மாவின் வெந்தயக்குழம்புச் சட்டிதான் ஞாபகம் வந்தது. முதல் வாய் பலருக்குப் பிடிக்காது. மூன்றாவது வாய் வரை பொறுங்கள், அதுவும் கோந்தே பாலாடைக்கட்டியோடு.

இந்த ஒயின் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு ஒரு சான்று: அர்புவாவைச் சேர்ந்த அனத்துவால் வெர்செல் 1774-ல் செய்த ஒரு புட்டி, 2018-ல் நடந்த ஏலத்தில் 1,03,700 யூரோவுக்குப் போனது.

ஆறு வருடம் காத்திருந்த பீப்பாயைத் துளையிட்டுத் திறப்பதுதான் பெர்சே விழா. 1997-ல் ஆரம்பித்தது. பிப்ரவரி முதல் வார இறுதியில், வருடத்துக்கு ஒரு ஊர் என்று ஜூரா முழுக்கச் சுற்றி வரும். ஆகவே அந்த வருடம் எந்த ஊர் என்று முதலில் பாருங்கள். அர்புவாவாக இருக்கவேண்டியதில்லை. பல்லாயிரம் பேர் வருவார்கள். சீட்டும் சுவைக்கும் கோப்பையும் சேர்த்து விற்பார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். குளிர் எலும்பைத் தொடும். காலுக்கு நல்ல பூட்ஸ் போடுங்கள், வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள், காரைத் தொடாதீர்கள். கொண்டாட்டம் பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் அது கூட்டத்தின் கொண்டாட்டம். ஒயினில் ஏற்கெனவே ஈடுபாடு உள்ளவர்களுக்குத்தான் பரிந்துரைப்பேன்.

ஒயின் வீடுகளில் நடந்துகொள்வது

சதுக்கத்தைச் சுற்றிச் சுவைக்கும் கடைகள் பல. விவசாயிகளின் சொந்த நிலவறைக்குப் போகவேண்டுமானால் போன் செய்து நேரம் கேட்டுப் போங்கள். அறுவடை வாரங்களில் பலர் விருந்தாளியைச் சேர்க்கமாட்டார்கள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கதிரடிக்கிற நாளில் நம் வீட்டுக்கு யாராவது ஊர் சுற்றிப் பார்க்க வந்தால் நாம் என்ன செய்வோம்?

சுவைத்துவிட்டுத் துப்புவது அவமரியாதை இல்லை, அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். சிவப்பு முதலில், பிறகு வெள்ளை, கடைசியில் மஞ்சள் என்பது இங்கே வழக்கம். இந்த ஊர்ச் சிவப்புகள் மெல்லியவை, மஞ்சள் ஒயினுக்குப் பிறகு அவை நாக்கில் நிற்காது. புல்சார், த்ருசோ என்ற இரண்டு உள்ளூர்ச் சிவப்பு ரகங்களின் பெயரை மட்டும் தெரிந்துவைத்துக் கேட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவரின் முகம் மாறும். புப்பிலானில் முதல் ரகத்தை ‘ப்ளுசார்’ என்றுதான் சொல்லவேண்டும். அங்கே போய்ப் புல்சார் என்றால் திருத்துவார்கள். நாலைந்து சுவைத்துவிட்டு ஒரு புட்டியாவது வாங்குவதுதான் முறை.

குடிக்காதவர்கள் தயங்கவே வேண்டாம். திராட்சைச் சாறு கேட்டால் பல இடங்களில் கிடைக்கும். நிலவறையை மட்டும் பார்க்கிறேன் என்றாலும் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

சாப்பாடும் சுற்றுவட்டாரமும்

ஊர்ச் சாப்பாட்டில் முதலிடம் மஞ்சள் ஒயினிலும் பாலேட்டிலும் வேகவைத்த கோழிக்கு, மோரல் காளான் சேர்த்து. நம் காஷ்மீரில் குச்சி என்று தங்க விலைக்கு விற்கும் அதே காளான்தான், இங்கேயும் விலை மலிவில்லை. சைவக்காரர்கள் அந்தக் காளானை மட்டும் பாலேட்டில் வதக்கி ரொட்டிமேல் போட்டுத் தரும் தட்டைக் கேட்கலாம். ஆனால் அதில் கோழிச்சாறு கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோந்தே பாலாடைக்கட்டி கன்றின் வயிற்று நொதியால் உறையவைக்கப்படுகிறது. கண்டிப்பான சைவர்கள் முடிவெடுத்துக்கொள்ளட்டும்.

கோந்தேயின் தலைநகர் பொலின்யி. ஏறக்குறைய 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்கு 400 லிட்டர் பால். குறைந்தது நாலு மாதம் பழுக்கவைக்கிறார்கள். அரைநாள் ஒதுக்கலாம்.

அதைவிட எனக்குப் பிடித்தது குயிசான்ஸ் ஆறு பிறக்கும் இடம். ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் மலை குதிரைலாட வடிவில் உள்வாங்கி, மூன்று பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர் எழுந்து நிற்கும். கீழே அருவி, குகை. மழைக்கு மறுநாள் போனால் தண்ணீர் ஆர்ப்பரிக்கும். சலான் ஊரின் பழைய உப்பு ஆலை 2009 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பூமிக்கடியிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துக் காய்ச்சிய இடம். கார் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

திங்கள் காலை

பியூவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிறு மாலையே கிளம்பிவிடுகிறார்கள். ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்க முடிந்தால் தங்குங்கள். திங்கள் காலை எட்டரை மணிக்கு நான் தேவாலயத்துக்குள் போனபோது ஆள் அரவமே இல்லை. கதவுக்கு வெளியே ஒரு டிராக்டர் இழுவைப்பெட்டியோடு தோட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே மேலே பியூ மட்டும் தொங்கியது. முந்தைய நாள் தெருவில் பார்த்ததைவிட உயரத்தில் சின்னதாகத் தெரிந்தது. அடியில் கல்தரையில் சாறு சொட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. வண்ணக் கண்ணாடி ஜன்னலில் ஒரு குளவி வெளியே போக வழி தேடி முட்டிக்கொண்டிருந்தது. வயதான ஒருவர் வாளியும் துடைப்பமுமாக வந்து, என்னைப் பார்த்து “போன்ழூர்” என்றார். நானும் சொன்னேன். அவர் தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.